வளராக் கருவும் வழங்கிய மருந்தும்

நோயுற்றவருக்கு எதையாவது கொடுத்தாக வேண்டும் என்னும் எண்ணம் மருத்துவத்தைப் போலவே பழைமையானது. அது கொடுப்பவருக்கு ஆறுதலையும் பெறுபவருக்கு நம்பிக்கையையும் தருகிறது. ஆயினும் ஆறுதலும் நம்பிக்கையும் சிகிச்சையாகிவிடா. இவ்வேறுபாடு மறக்கப்படும்போது இரக்கத்தின் பெயராலேயே பெருந்தீங்கு விளையக்கூடும். கருப்பையில் வளர்ச்சி குன்றிய சிசுவைக் காக்கவென்று கர்ப்பிணித் தாய்மாருக்கு ஓமோன்கள் வழங்கப்பட்ட வரலாறு அதற்குக் கண்கூடான சான்றாகும்.

அவ்வரலாறு முடிந்துபோன பழங்கதை என்பார் உளர். மருந்தின் பெயர் மறைந்துவிட்டது உண்மையே. ஆனால் அம்மருந்தினைக் கொடுக்கத் தூண்டிய நியாயங்கள் மறையவில்லை. ‘ஏதாவது செய்யவேண்டும்’ என்ற அவசரமும், ‘கொடுத்தால் கெடுதியில்லை’ என்ற அசட்டையும், ‘என் அனுபவத்திற் கண்டேன்’ என்ற உறுதியும் இன்றும் வைத்தியரின் மேசையருகே அமர்ந்திருக்கின்றன. ஆதலால் அந்நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தல் தகும்.

பிரச்சினை எளியதன்று. ஏழாம் மாதத்திலே பரிசோதனைக்கு வரும் ஒரு தாயின் வயிறு மாதத்துக்கேற்ற அளவினதாக இல்லை. ஸ்கான் செய்து பார்க்கையில் சிசுவின் நிறையும் குறைவெனத் தெரிகிறது. அத்தகைய சிசுக்களிற் சில கருப்பையிலேயே இறக்கின்றன. சில குறைமாதத்திற் பிறக்கின்றன. பிறந்து பிழைத்தவற்றுள்ளும் சில பலவகை நலிவுகளுக்கு ஆளாகின்றன. ‘இதற்கு ஒன்றும் கொடுக்க முடியாதா, ஐயா?’ என்று அத்தாய் கேட்கிறாள். அவள் கேட்பது முற்றிலும் நியாயமானது. அதற்கு அளிக்கப்பட்ட விடையே நியாயமற்றதாயிருந்தது.

சிசு ஏன் வளராதிருக்கிறது? பேச்சுவழக்கில் நச்சுக்கொடி எனப்படும் சூல்வித்தகத்தின் வழியாகவே சிசுவுக்கு உணவும் ஒட்சிசனும் செல்கின்றன. கர்ப்பத்தின் முற்பகுதியிலே தாயின் கருப்பைக் குருதிக்கலன்கள் விரிவடைந்து அகன்ற வாய்க்கால்களாக மாறவேண்டும். அம்மாற்றம் அரைகுறையாக நின்றுவிடின் சூல்வித்தகத்துக்குப் போதிய குருதி செல்லாது. சிசு பட்டினி கிடக்கும். தாயின் உயர் குருதியமுக்கம், சிறுநீரக நோய், குருதிச்சோகை, மலேரியா, புகையிலை, போசாக்கின்மை, கருப்பையில் ஏற்படும் தொற்றுக்கள், சிசுவின் நிறமூர்த்தக் குறைபாடுகள் ஆகியனவும் காரணங்களாகும். காரணங்கள் பல, வெளித்தோற்றம் ஒன்றே. பல நோய்களுக்குப் பொதுவானதொரு தோற்றத்தை ஒரே நோயாகக் கொண்டு அதற்கு ஒரே மருந்தினைத் தேடியமை முதலாவது தவறாகும்.

இரண்டாவது தவறு இதனினும் நுட்பமானது. கர்ப்பகாலத்திலே சூல்வித்தகம் ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் ஆகிய ஓமோன்களைப் பெருமளவிற் சுரக்கிறது. ஈஸ்திரஜன் வகைகளுள் ஒன்றாகிய ஈஸ்திரியோல் தாயின் சிறுநீரில் வெளியேறும். அதன் மூலப்பொருள் சிசுவின் அதிரீனற் சுரப்பியிலே தோன்றி, ஈரலில் மாற்றமுற்று, சூல்வித்தகத்திலே முழுவடிவம் பெறுகிறது. சிசு நலிந்தால் ஈஸ்திரியோலும் குறைவது இயல்பு. எனவே 1960களிலும் 1970களிலும் பல நாட்டு வைத்தியசாலைகள் கர்ப்பிணிகளின் இருபத்துநான்கு மணிநேரச் சிறுநீரைச் சேகரித்து அதன் அளவைக் கணித்துவந்தன. அளவிட்டதில் விந்தையில்லை. ஆனால் ‘நலிந்த சிசுவைச் சுமக்கும் தாயிடத்து ஓமோன் குறைவாயுள்ளது, ஆகவே ஓமோனைக் கொடுத்தாற் சிசு தேறும்’ என்று வாதிப்பது தருக்கமாகுமா? விளக்கில் எண்ணெய் குறைந்தமையாலே சுவரில் ஒளி மங்குகிறது. சுவருக்கு வெள்ளையடித்தால் விளக்கு நன்கெரியும் என்பாருண்டோ? அறிகுறியைக் காரணமாகக் கொண்ட மயக்கமே இது.

சிசுவின் வளர்ச்சியைப் பெரிதும் நடத்துவன அதன் உடலிலேயே சுரக்கும் இன்சுலினும் இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணிகளுமேயாம். தாயின் குருதியிலுள்ள இன்சுலினோ வளர்ச்சி ஓமோனோ குறிப்பிடத்தக்க அளவிற் சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவை அடைவதில்லை. ஓமோன் என்ற சொல்லைக் கேட்டவுடன் ‘வளர்ச்சி’ என்ற சொல் நினைவுக்கு வருவதனாலேயே தாய்க்குக் கொடுக்கும் ஓமோன் சிசுவை வளர்க்கும் என எண்ணுதல் சொற்களால் விளைந்த மாயை அன்றி வேறில்லை. ஈஸ்திரஜன் செம்மறியாடுகளின் கருப்பைக்குச் செல்லும் குருதியை அதிகரிக்கச் செய்தது என்பது மெய்யே. ஆயினும் ஆட்டிற் கண்டது ஓர் ஊகத்துக்கே இடமளிக்கும். ஊகத்தைச் சோதிக்கலாம், விற்கலாகாது.

ஆனால் அவ்வூகம் விற்கப்பட்டது. 1938ஆம் ஆண்டில் இலண்டனிலே சார்ள்ஸ் டொட்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் என்னும் செயற்கை ஈஸ்திரஜனை ஆக்கினர். அதற்கு ஆக்கவுரிமை பெறப்படவில்லை. எனவே எந்த நிறுவனமும் மலிவாக உற்பத்தி செய்யலாம் என்ற நிலை உருவாயிற்று. வாய்வழி உட்கொள்ளத்தக்கதாகவும் அது இருந்தது. பொஸ்ரன் நகரைச் சேர்ந்த ஒலிவ் ஸ்மித், ஜோர்ஜ் ஸ்மித் தம்பதியர் இம்மருந்து சூல்வித்தகத்தைத் தூண்டி மேலும் புரொஜெஸ்தரோனைச் சுரக்கச் செய்யும் என்றும், அதனாற் கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் தவிர்க்கப்படும் என்றும் கருதினர். ஏழாவது வாரமளவில் நாளொன்றுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, 35ஆவது வாரத்தில் 125 மில்லிகிராம் வரை கொடுப்பது அவர்தம் முறை. 1947இல் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இதனைக் கர்ப்பகாலத்திற் பயன்படுத்த இசைவளித்தது. 1948இல் ஒலிவ் ஸ்மித் 632 கர்ப்பங்கள் பற்றிய தமது அறிக்கையை வெளியிட்டார். 1949இல் அத்தம்பதியர் மேலும் ஒருபடி சென்று, யாதொரு சிக்கலுமில்லாத முதற்பேற்றுத் தாய்மாரிடத்துங்கூட இம்மருந்து கர்ப்பத்தைச் செம்மைப்படுத்தும் என்றும், பிறக்கும் குழந்தைகள் பெரியனவாயிருக்கும் என்றும் எழுதினர். 1950களில் ஒரு மருந்து நிறுவனத்தின் விளம்பரம் பெரியனவும் வலியனவுமான குழந்தைகளை வாக்களித்துக் கொழுத்ததொரு குழந்தையின் படத்தையும் தாங்கி நின்றது. நோய்க்கென வந்த மருந்து நோயற்றாருக்கும் உரியதாயிற்று.

ஸ்மித் தம்பதியர் வஞ்சகரல்லர். பல கருச்சிதைவுகளால் மனமுடைந்த பெண்களுக்கு உதவவே அவர்கள் முனைந்தனர். ஆனால் அவர்தம் ஆய்வின் அத்திவாரம் வலிமையற்றிருந்தது. மருந்து பெற்றாரையும் பெறாதாரையும் ஒப்பிட்டபோது பின்னவருக்கு மருந்தற்ற போலிக் குளிசை கொடுக்கப்படவில்லை. தமக்குப் புதியதொரு சிகிச்சை கிடைக்கிறது என்பதை அறிந்த பெண்ணுக்கும், அதனை வழங்கி ஆவலோடு காத்திருக்கும் வைத்தியருக்கும் இடையே மருந்தைத் தவிர வேறு பலவும் நிகழ்கின்றன. கூடுதலான கவனமும், கூடுதலான ஓய்வும், கூடுதலான நம்பிக்கையும் மருந்தின் கணக்கிலே வரவுவைக்கப்பட்டன. நல்லெண்ணம் நல்ல ஆய்வுக்கு ஈடாகாது என்பதற்கு இதுவே தக்க உதாரணம்.

சோதித்தவர்கள் இல்லாமலில்லை. 1953இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டீக்மனும் அவர்தம் குழுவினரும் 840 தாய்மாருக்கு ஸ்டில்பெஸ்ட்ரோலையும் 806 தாய்மாருக்கு அதனையொத்த போலிக் குளிசையையும் வழங்கிக் கண்ட முடிவுகளை வெளியிட்டனர். கருச்சிதைவு குறையவில்லை, குறைமாதப் பிரசவம் குறையவில்லை, குழந்தை இறப்பும் குறையவில்லை. மருந்துண்ட தாய்மார் பெற்ற குறைமாதக் குழந்தைகள் ஏனைய குறைமாதக் குழந்தைகளிலும் நீளமானவையாகவோ முதிர்ச்சி மிக்கவையாகவோ இருக்கவுமில்லை. அதே ஆண்டில் நியூ ஓர்லியன்சிலும், 1955இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை நீரிழிவுற்ற கர்ப்பிணிகளிடத்து நடத்திய சோதனையிலும் இதே விடைதான் கிடைத்தது. டீக்மனின் தரவுகளை 1978இல் மீண்டும் கணித்து ஆராய்ந்தபோது உண்மை இன்னும் கசந்தது: எவற்றைத் தடுக்கும் என்று மருந்து கொடுக்கப்பட்டதோ, அக்கருச்சிதைவையும் குறைமாதப் பிரசவத்தையும் குழந்தை இறப்பையும் அம்மருந்து அதிகரிக்கவே செய்திருந்தது.

1953இலேயே விடை தெரிந்துவிட்டது. ஆயினும் மருந்துச்சீட்டுக்கள் நிற்கவில்லை. பாடநூல்கள் பயனில்லை என்று கூறிய பின்னரும் வைத்தியர்கள் எழுதினர், நிறுவனங்கள் விற்றன, தாய்மார் உண்டனர். பதினெட்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. பயனின்மை நிரூபிக்கப்பட்டதொரு மருந்து பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தமைக்கு விஞ்ஞானம் பொறுப்பன்று; விஞ்ஞானத்தைக் கேளாத வழக்கமும் வணிகமுமே பொறுப்பு.

1971ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே ஆதர் ஹேர்ப்ஸ்ட், ஹவார்ட் உல்ஃபெல்டர், டேவிட் பொஸ்கன்சர் ஆகிய மூவர் பொஸ்ரனிலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதிய பெண்களிடத்தும் மிக அரிதாகவே காணப்படும் ஒருவகை யோனிப் புற்றுநோய் பதினைந்துக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்ட வயதுப் பெண்களிடத்துத் தோன்றியிருந்தது. ஆராயப்பட்ட எண்மருள் எழுவரின் தாய்மார் கர்ப்பகாலத்தில் ஸ்டில்பெஸ்ட்ரோல் உட்கொண்டவர்கள். ஒப்பீட்டுக்கெனத் தேர்ந்த 32 பெண்களின் தாய்மாருள் ஒருவரேனும் அதனை உட்கொண்டிருக்கவில்லை. இத்தொடர்பினை முதலிற் சுட்டியவர் பேராசிரியர் எவருமல்லர்; நோயுற்ற மகளொருத்தியின் தாயே, தாம் அக்காலத்தில் உண்ட குளிசை காரணமாகுமோ என வைத்தியரிடம் வினவினார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க நிருவாகம் கர்ப்பிணிகளுக்கு அதனைக் கொடுத்தலாகாது என அறிவித்தது. பிரான்சு நாட்டிலோ 1977 வரை அது தொடர்ந்தது.

புற்றுநோய் வந்தோர் ஆயிரத்தில் ஒருவர் அளவினரே. ஆனால் தீங்கு அவ்வளவோடு நிற்கவில்லை. கருப்பையிலிருந்தபோது அம்மருந்துக்கு ஆளான பெண்களை நெடுங்காலம் தொடர்ந்து நோக்கி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, 45 வயதுக்குள் அவர்களிடையே மலட்டுத்தன்மை 33.3 சதவீதம், ஆளாகாதோரிடையே 15.5 சதவீதம். குறைமாதப் பிரசவம் 53.3 சதவீதம், மற்றோரிடையே 17.8 சதவீதம். கருப்பைக்கு வெளியே கருத்தங்குதல் 14.6 சதவீதம், மற்றோரிடையே 2.9 சதவீதம். தாயின் கர்ப்பத்தைக் காக்கவென்று கொடுத்த மருந்து மகளின் கர்ப்பத்தைக் குலைத்தது. குழந்தை பெரிதாய்ப் பிறக்க வேண்டும் என்று உண்டவளின் பேரப்பிள்ளை குறைமாதத்திற் பிறந்தது. கடனை ஒரு தலைமுறை வாங்க வட்டியை மறு தலைமுறை கட்டிய கதையே இது.

இதன்கண் மற்றோர் அநீதியும் உண்டு. சிக்காகோச் சோதனை விஞ்ஞான முறையில் நேரியதாயினும், அதிற் பங்குபெற்ற பெண்கள், தாம் ஒரு சோதனைக்கு உள்ளாக்கப்படுவதையோ தமக்குக் கொடுபடும் குளிசை யாதென்பதையோ தமக்கு எவரும் கூறவில்லை எனப் பிற்காலத்தில் வழக்குத் தொடுத்தனர். 1978இல் நீதிமன்றம் அவ்வழக்கை முற்றாகத் தள்ளிவிட மறுத்தது. சோதனையின்றிக் கொடுப்பது ஒரு குற்றமாயின், சொல்லாமற் சோதிப்பது மற்றொரு குற்றமாகும். இரண்டிலும் தாய் ஒரு மனுசியாகக் கருதப்படவில்லை. சிசுவைத் தாங்கும் ஒரு கலமாகவே கருதப்பட்டாள்.

இனி, ஓமோன் சிகிச்சைக்காகப் பேசுவோரின் வாதங்களைக் கவனிக்கலாம்.

‘அது செயற்கை மருந்து, பழைய மருந்து. இன்றுள்ளவை இயற்கை ஓமோனை ஒத்தவை; உடலுக்கு அந்நியமானவையல்ல’ என்பது முதலாவது வாதம். இயற்கையானது என்பதனாலேயே தீங்கற்றது என்றாகிவிடாது. பயனுள்ளது என்றும் ஆகிவிடாது. குறைமாதப் பிரசவத்தைத் தடுக்குமென்று புரொஜெஸ்தரோனின் நெருங்கிய உறவான 17-ஹைட்ரொக்சிபுரொஜெஸ்தரோன் கப்ரோவேற்று என்னும் ஊசிமருந்துக்கு அமெரிக்க நிருவாகம் 2011இல் விரைவு அனுமதி வழங்கியது. ஏறத்தாழ 1,700 பெண்களிடத்து நடத்தப்பட்டு 2019இல் வெளியான பெருஞ்சோதனை அதனாற் பயனில்லை எனக் காட்டியது. 2023 ஏப்பிரிலிலேயே அனுமதி மீளப்பெறப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் தாய்மார் ஊசியேற்றுக்கொண்டனர். ஸ்டில்பெஸ்ட்ரோலின் பாடம் கற்கப்பட்டுவிட்டது என்பார் இவ்வாண்டுகளைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக.

‘பயனில்லாவிடினும் கெடுதியில்லையே’ என்பது இரண்டாவது வாதம். கெடுதி இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், அதுவும் மருந்துண்ணாத ஒருத்தியின் உடலிலே, வெளிப்படக்கூடும் என்பதை 1971 கற்பித்துவிட்டது. அன்றி, பயனற்ற மருந்து வேறொரு வகையாலும் கெடுதி செய்கிறது. அது காலத்தைக் களவாடுகிறது. ஊசி ஏற்றிவிட்டோம் என்ற நிம்மதியிலே கழியும் இரண்டு வாரங்களுக்குள் தொப்புட்கொடியின் குருதியோட்டம் நின்றுவிடலாம். தாயின் குருதியமுக்கம் எல்லை மீறலாம். உடனே பிரசவிக்கச் செய்ய வேண்டிய சிசுவுக்குக் குளிசை கொடுத்துக் காத்திருப்பது சிகிச்சையன்று, புறக்கணிப்பேயாம்.

‘கைகண்ட அனுபவம் உண்டு, கொடுத்தேன், குழந்தை நன்றாகப் பிறந்தது’ என்பது மூன்றாவது வாதம். இதுவே மிக ஆபத்தானது. ஏனெனில் இதனைச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. நிறை வரிசையில் அடியிலுள்ள பத்து வீதத்துட் சேரும் சிசுவைச் சிறிய சிசு எனப் பொதுவாக வகுப்பர். அவ்வரைவிலக்கணத்தின்படியே பத்துச் சிசுக்களில் ஒன்று எப்போதும் சிறியதாகத்தான் இருக்கும். அவற்றுட் பல தாய் தந்தையரின் உடலமைப்புக்கேற்பச் சிறியனவாயுள்ள, முற்றிலும் ஆரோக்கியமான சிசுக்கள். வேறு சில, கடைசி மாதவிடாய்த் திகதி தவறாகக் கணிக்கப்பட்டமையாற் சிறியனவாய்த் தோன்றியவை. இவற்றுக்கு எதைக் கொடுத்தாலும் நன்றாகவே பிறக்கும். எதையும் கொடாவிடினும் நன்றாகவே பிறக்கும். தானாக விடியும் பொழுதுக்குச் சேவல் உரிமை கொண்டாடுவது போல, மருந்து அந்நலத்துக்கு உரிமை கொண்டாடுகிறது. இறந்த சிசுவையோ ‘விதி’ என்பர். வெற்றியெல்லாம் மருந்துக்கும் தோல்வியெல்லாம் விதிக்கும் சேருமாயின் எந்த மருந்துதான் தோற்கும்?

‘பாதித் தாய்மாருக்கு மருந்தை மறுத்து ஒப்பிட்டுச் சோதிப்பது கொடுமை’ என்பது நான்காவது வாதம். மருந்து நன்மை செய்யும் என்று முன்னரே தெரிந்திருந்தாலன்றோ அதனை மறுப்பது கொடுமை? அது தெரியாமையினாலேயே சோதனை வேண்டப்படுகிறது. வளர்ச்சி குன்றியதெனச் சந்தேகிக்கப்படும் சிசுவுக்காகத் தாய்க்கு ஓமோன் கொடுப்பது பற்றித் தகுந்த சோதனைகளைத் தேடிய கொக்ரேன் மீளாய்வினர், முடிவு கூறத்தக்க சோதனை எதனையும் காணவில்லை. இத்தனை ஆண்டுகள் கொடுக்கத் துணிந்த கை சோதிக்கத் துணியவில்லை. சோதிப்பவன் சில நூறு பேரைத் தக்க காவலோடு அறியாமைக்கு உட்படுத்துகிறான். சோதியாது கொடுப்பவன் இலட்சக்கணக்கானோரை எக்காவலுமின்றி அதே அறியாமைக்கு உட்படுத்துகிறான். கொடுமை யாருடையது?

அண்மையதோர் உதாரணம் இதனைத் தெளிவாக்கும். ஓமோனன்றெனினும், குருதிக்கலன்களை விரிக்கும் சில்டெனபில் என்ற மருந்து வளர்ச்சி குன்றிய சிசுவுக்குக் குருதியோட்டத்தைக் கூட்டும் என்ற ஊகம் எழுந்தது. ஊகம் ஸ்டில்பெஸ்ட்ரோலின் ஊகத்திலும் வலுவானதே. ஆனால் இம்முறை அது முறையாகச் சோதிக்கப்பட்டது. 2018இல் நெதர்லாந்திலே, மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு நுரையீரற் சிக்கல்கள் மிகுவதைக் கண்காணிப்பாளர் கண்டனர். சோதனை உடனே நிறுத்தப்பட்டது. அங்கும் குழந்தைகள் இறந்தமை துயரமே. எனினும் அத்தீங்கு ஒரு சோதனைக்குள் அடங்கியது. நாடுகள் தோறும் பரவவில்லை. இரண்டு தலைமுறைகளைத் தொடரவில்லை. ஒரே வகையான ஊகத்தைச் சோதித்தமைக்கும் விற்றமைக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

இவ்வாறு கூறுவது ஓமோன்கள் அனைத்தையும் இகழ்வதாகாது. ‘மருந்தே வேண்டாம், எல்லாம் இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்ற மூடநம்பிக்கைக்கு இடமளிப்பதுமாகாது. 1972இல் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரிலே லிகின்ஸ், ஹோவி என்னும் இருவர் குறைமாதத்தில் பிரசவிக்கவிருந்த 282 தாய்மாரிடத்து பீற்றாமெதசோன் என்ற ஸ்ரீரொயிட் மருந்தைப் போலிமருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தனர். பிறந்த சில நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் மருந்து பெற்ற பிரிவில் 3.2 சதவீதம், பெறாத பிரிவில் 15 சதவீதம். சிசுவை வளர்ப்பதாக அம்மருந்து வாக்களிக்கவில்லை. முதிராத நுரையீரலை முதிரச் செய்யும் என்ற திட்டமான, சோதிக்கத்தக்க கூற்றை மட்டுமே முன்வைத்தது. அத்தகைய நன்மருந்துங்கூட இடமறிந்து கொடுக்கப்படவேண்டும் என்பதை 2015இல் ஆறு நாடுகளில் நடந்த பெருஞ்சோதனை உணர்த்தியது. கர்ப்பகாலத்தைச் செவ்வையாகக் கணிக்க வசதியற்ற இடங்களில் அதனைப் பரவலாக வழங்கியபோது குழந்தை இறப்பு மொத்தத்தில் கூடியது. 2020இல் வசதியுள்ள வைத்தியசாலைகளில் நடந்த சோதனையிலோ அது உயிர்களைக் காத்தது. மருந்து ஒன்றே, அறிவோடு கொடுத்தலும் அறியாது கொடுத்தலுமே வேறு.

அங்ஙனமாயின் அத்தாயின் வினாவுக்கு விடை யாது? கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மாதக்கணக்கைத் திருத்தமாக அறிதல், ஒவ்வொரு வருகையிலும் அளவுநாடாவால் வயிற்றை அளந்து குறித்தல், ஐயமெழுந்தால் ஸ்கான் மூலமும் தொப்புட்கொடியின் குருதியோட்டத்தைக் காட்டும் டொப்ளர் முறை மூலமும் சிசுவைக் கண்காணித்தல், குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்தல், ஆபத்து மிக்க தாய்மாருக்குத் தொடக்கத்திலேயே குறைந்தளவு அஸ்பிரின் கொடுத்தல், புகையிலையையும் வெற்றிலையோடு அதனை மெல்லுதலையும் நிறுத்தச் செய்தல், எல்லாவற்றுக்கும் மேலாக, கருப்பைக்குள் இருப்பதிலும் வெளியே இருப்பது சிசுவுக்குப் பாதுகாப்பாகும் வேளையைத் தவறவிடாது பிரசவிக்கச் செய்தல். இவற்றுள் எதுவும் அற்புதமன்று. எதுவும் கவர்ச்சியான விளம்பரத்துக்கு உதவாது. ஆயினும் குழந்தைகளைக் காப்பவை இவையே. ‘அம்மா, பிள்ளையை வளர்க்கும் மருந்து எவரிடத்தும் இல்லை, ஆனால் நாள்தோறும் கவனிப்போம், தக்க நேரத்தில் எடுப்போம்’ என்று உண்மையைக் கூறும் வைத்தியரே அவளை மதித்தவராவார்.

இப்பிரச்சினைக்குச் சமூக முகமொன்றும் உண்டு. குறைந்த நிறையோடு பிறக்கும் குழந்தைகளிற் பெருந்தொகையினர் தெற்காசியாவிலேயே பிறக்கின்றனர். இது ஓமோன் பற்றாக்குறையால் விளைந்ததன்று. சிறுமியாயிருந்த காலந்தொட்டு அரைவயிறு உண்டவள், குருதிச்சோகையோடு பருவமெய்தியவள், கர்ப்பிணியான பின்னரும் பாரஞ்சுமந்தவள் பெறும் குழந்தை சிறியதாயிருப்பதில் வியப்பென்ன? இலங்கையிலும் தோட்டப்பகுதிகளில் நிறைகுறைந்த பிறப்புக்கள் ஏனைய பகுதிகளிலும் மிகுதியாயிருந்துவந்துள்ளமை தற்செயலன்று. கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறி இறங்கும் தாய்க்கு வேண்டியது ஊசியன்று. ஓய்வும் உணவும் நியாயமான கூலியுமாகும். 1970களில் தொடங்கப்பட்ட திரிபோஷவும், வீடுதேடிவரும் குடும்பநல மருத்துவமாதின் நிறைத்தராசும் அளவுநாடாவும் எந்த ஓமோன் குளிசையிலும் உயர்ந்த விஞ்ஞானத்தின் சின்னங்கள். அவற்றைச் செம்மையாக நடத்தப் பணமும் உழைப்பும் அரசியல் உறுதியும் வேண்டும். மருந்துச்சீட்டு எழுத ஒரு பேனா போதும். சமூகத்தின் கடனை ஒரு குளிசையால் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் ஆள்வோருக்கும் விற்போருக்கும் வசதியானது, தாய்மாருக்கு வசதியானதன்று.

கர்ப்பிணிக்குக் கொடுக்கப்படும் மருந்துகளிற் பெரும்பாலானவை இருவர் உடலிற் சேர்கின்றன. ஒருத்தி கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவள். மற்றைய உயிருக்கோ வாயில்லை. ஆதலின் பயன் உண்டு என்று காட்டவேண்டிய பொறுப்பு கொடுப்பவரையே சாரும். தீங்கு உண்டு என்று காட்டவேண்டிய பொறுப்பு பெறுபவரைச் சாராது. 1953இல் இந்நீதி மதிக்கப்பட்டிருப்பின் 1971இன் புற்றுநோயாளிகளிற் பலர் அந்நோயைக் கண்டிரார். மருத்துவ பீடங்களில் இன்று பயிலும் இளைஞர் ஸ்டில்பெஸ்ட்ரோலின் பெயரை மறந்தாலும் மறக்கலாம். ஆனால் அடுத்த முறை புதிய பெயரோடு புதிய குளிசையொன்று அவர்தம் மேசைக்கு வரும்போது, ‘இதனை யார், எத்தனை பேரிடத்து, எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தார்?’ என்று கேட்க மறத்தலாகாது. அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்வரை பேனா மூடியே இருக்கட்டும்.